இந்த இடத்தை நிரப்ப எத்தனை பை வேண்டும்? சீமெந்து முதல் நெல் வரை ஒரு முழுக் கணக்கு

வீட்டோடு சேர்த்து ஓர் அறை எடுப்பது, தண்ணீர் தேங்கும் வளவைக் கிறவல் போட்டு உயர்த்துவது, வெள்ளாமை வெட்டியபின் நெல்லை அடுக்கி வைப்பது, மாரியில் வாசலுக்கு மணல் பை போடுவது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இவற்றில் ஏதாவது ஒன்று எல்லா வீட்டுக்கும் வந்து சேரும். அப்போது முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை பை? மேசன் ஒரு கணக்குச் சொல்வார், ஹாட்வெயார் கடையில் இன்னொன்று சொல்வார்கள். இரண்டும் அனுபவத்தில் வந்த கணக்குகள்தான், ஆனால் உங்கள் அறையை அளந்து வந்தவை அல்ல. ஓர் அளவு நாடாவும் கைத்தொலைபேசியில் உள்ள கல்குலேட்டரும் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம். போட்டுத்தான் ஆக வேண்டும் என்பேன். கடன் எடுத்தோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய காசிலோ கட்டும் வீட்டில் இரண்டு பை சீமெந்து கட்டியாகிப் போவதும், கொங்கிறீட் பாதியில் நிற்பதும் சின்ன விஷயம் இல்லை.

முதலில் பையைப் புரிந்துகொள்ளுங்கள்

பையின் மேல் எழுதியிருப்பது நிறை. நீங்கள் நிரப்பப் போவது இடம், அதாவது கன அளவு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான கணக்குகள் பிழைக்கின்றன.

வெறுமையான யூரியாப் பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 50 கிலோ யூரியா வந்தது. அதே பையை ஆற்று மணலால் வாய்வரை நிரப்பினால் 100 கிலோவைத் தாண்டும், இரண்டு பேர் பிடித்தாலும் தூக்குவது கஷ்டம். பையின் கொள்ளளவு மாறவில்லை, கிட்டத்தட்ட 65 லீற்றர்தான். மணல் யூரியாவை விட இரண்டு மடங்கு பாரம், அவ்வளவுதான். சீமெந்து இன்னொரு விதம். 50 கிலோ சீமெந்து பிடிக்கும் இடம் சுமார் 35 லீற்றர், நமது கணக்கில் ஒன்றேகால் கன அடி (சரியாகச் சொன்னால் 1.23). 10 லீற்றர் வாளியால் அளந்தால் மூன்றரை வாளி.

நம் பக்கத்தில் மணலும் கல்லும் கிறவலும் கியூப் கணக்கில் வரும். 1 கியூப் என்றால் 100 கன அடி. மீற்றரில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு 2.83 கன மீற்றர். மேசனும் கடைக்காரரும் டிப்பர்காரரும் பேசுவது அடி, அங்குலம், கியூப் என்பதால் நானும் அதிலேயே போகிறேன். வரைபடம் மீற்றரில் இருந்தால் எல்லாவற்றையும் முதலிலேயே அடிக்கு மாற்றிவிடுங்கள். பாதி அடியிலும் பாதி மீற்றரிலும் போடும் கணக்கு எங்கே பிழைத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

இடத்தை அளப்பது

நீளம் × அகலம் × தடிப்பு. இதில் நீளமும் அகலமும் யாருக்கும் பிழைப்பதில்லை. பிழைப்பது தடிப்பு.

12 அடிக்கு 10 அடி அறை ஒன்றைக் கடைசி வரை கூட எடுத்துச் செல்வோம். அத்திவாரம் எழும்பிவிட்டது, உள்ளே கிறவல் போட்டு நிரப்பி அதன் மேல் நிலத்துக்குக் கொங்கிறீட் போட வேண்டும். வாசல் பக்கம் நின்று பார்த்தால் 6 அங்குலம்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 12 × 10 × 0.5 = 60 கன அடி. அரைக் கியூபுக்குச் சற்று மேல்.

ஆனால் நிலம் மட்டமாக இருப்பதில்லை. வாவிப் பக்கம் சரியும் வளவுகளில் ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் முக்கால் அடி வித்தியாசம் சாதாரணம். ஆகவே அத்திவாரத்தின் குறுக்கே கொங்கிறீட்டின் அடி வரவேண்டிய மட்டத்தில் நூலைக் கட்டுங்கள். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய் போதும். நூலிலிருந்து நிலம் வரை ஒன்பது இடங்களில் அளவெடுங்கள்: நான்கு மூலை, நான்கு பக்கங்களின் நடு, அறையின் நடு. நமது அறையில் 6, 8, 8, 8, 10, 11, 12, 13, 14 அங்குலம் வருகிறது என்று வையுங்கள். கூட்டினால் 90, ஒன்பதால் பிரித்தால் சராசரி 10 அங்குலம். இப்போது கணக்கு 12 × 10 × 10 ÷ 12 = 100 கன அடி. முழுதாக 1 கியூப். வாசலில் நின்று பார்த்த கணக்கை விட 40 கன அடி கூட. டிப்பர்காரரை இரண்டாம் முறை கூப்பிடும் செலவு அந்த 40 கன அடியில்தான் ஒளிந்திருக்கிறது.

அங்குலத்தை அடியாக்க 12ஆல் பிரிக்க மறக்காதீர்கள். 3 அங்குலம் என்பது 0.25 அடி, 4 அங்குலம் 0.33, அரை அங்குலம் 0.042.

இடம் சதுரமாக இல்லாவிட்டால் துண்டு துண்டாகப் பிரித்துக் கூட்டுங்கள். வட்டத்துக்கு, விட்டம் × விட்டம் × 0.785 × ஆழம். பாவனையில் இல்லாத கிணற்றை மூடுபவர்களுக்கு இது உதவும். 4 அடி விட்டம், 15 அடி ஆழம் என்றால் 4 × 4 × 0.785 × 15 = 188 கன அடி. கிட்டத்தட்ட 2 கியூப் மண். இதுவும் இறுகிய அளவுதான், உதிரியாக இன்னும் கூட வாங்க வேண்டும். ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

கொட்டும் அளவு வேறு, நிற்கும் அளவு வேறு

கிறவலைக் கொட்டும்போது உதிரியாக இருக்கும். தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கியபின் அமுங்கிவிடும். நல்ல கிறவலுக்கு நாலில் ஒரு பங்கு கூட்டி வாங்குவது பாதுகாப்பான கணக்கு. நமது அறைக்கு 100 × 1.25 = 125 கன அடி, ஒன்றேகால் கியூப். இடிக்காமல் விட்டால் 1 கியூபே நிரம்பினது போலத் தெரியும். முதல் மாரியில் அது தானாக அமுங்கும், மேலே போட்ட கொங்கிறீட் வெடிக்கும். அதனால் ஒரே தடவையில் 10 அங்குலத்தையும் கொட்டி இடிக்க வேண்டாம். 5, 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு நனைத்து இடியுங்கள்.

கொங்கிறீட்டுக்கு இந்தச் சுருக்கம் இன்னும் பெரிது. கல்லுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்குள் மணல் போகிறது, மணலுக்கு நடுவே சீமெந்து போகிறது, தண்ணீர் எல்லாவற்றையும் இறுக்குகிறது. 100 கன அடி கொங்கிறீட் நிற்க, காய்ந்த நிலையில் சீமெந்து, மணல், கல் மூன்றையும் தனித்தனியே அளந்து கூட்டினால் ஏறக்குறைய 154 கன அடி வேண்டும். 1.54 என்ற இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லே இல்லாத சாந்துக்கு (கட்டுக்கும் பூச்சுக்கும்) அது 1.3.

நிலத்துக்குக் கொங்கிறீட்

கலவை 1:2:4 என்றால் சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, முக்கால் அங்குலக் கல் நாலு. எல்லாம் சேர்ந்து 7 பங்கு. பங்குகள் கன அளவில் என்பதைக் கவனியுங்கள், கிலோவில் இல்லை.

நமது அறை 120 சதுர அடி, தடிப்பு 3 அங்குலம். 120 × 0.25 = 30 கன அடி கொங்கிறீட். அதை 1.54ஆல் பெருக்கினால் 46.2. ஏழால் பிரித்தால் ஒரு பங்கு 6.6 கன அடி. சீமெந்து 6.6 ÷ 1.23 = 5.4 பை. மணல் 13.2 கன அடி. கல் 26.4 கன அடி.

இந்த ஒரு கணக்கு விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் எண்ணை மாற்றுவதுதான். நிலத்துக்கு 1:3:6 போதும் என்று மேசன் சொன்னால் மொத்தம் 10 பங்கு, சீமெந்து 3.8 பையாகக் குறையும். வாகனம் ஏறாத வீட்டு நிலத்துக்கு, கீழே நன்றாக இடித்திருந்தால், அது போதும்தான். கம்பி போடும் தூணுக்கும் பீமுக்கும் சிலாப்புக்கும் பொறியியலாளர் தந்த விகிதத்தை அப்படியே எடுங்கள், அங்கே சீமெந்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க, 1 கியூப் கொங்கிறீட்டுக்கு வரும் சீமெந்து இப்படி: 1:3:6க்கு 12 முதல் 13 பை, 1:2:4க்கு 18 பை, 1:1½:3க்கு 23 பை.

தடிப்பைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன். நமது அறையில் கிறவலை நூலுக்கு மட்டமாக இடிக்காமல், சராசரியாக அரை அங்குலம் பள்ளமாக விட்டால், கொங்கிறீட் 3 அங்குலத்துக்குப் பதிலாக மூன்றரை ஆகிறது. 35 கன அடி. சீமெந்து 6.3 பை. அரை அங்குலப் பள்ளத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பை சீமெந்து போய்விட்டது. கிறவலின் விலைக்கு நிரப்ப வேண்டிய பள்ளத்தைச் சீமெந்தின் விலைக்கு நிரப்புகிறோம். கொங்கிறீட் போடுவதற்கு முதல் நாள் மாலை நூலைக் கட்டி, நிலத்தை இன்னொரு முறை அளந்து பார்ப்பதை விட லாபமான அரை மணித்தியாலம் ஒரு வீட்டு வேலையில் இல்லை.

கலவை போடும்போது விகிதம் தவறாமல் இருக்க ஒரு பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். அடி திறந்த பலகைப் பெட்டி, உள்ளளவு 15 × 12 × 12 அங்குலம். அது சரியாக ஒன்றேகால் கன அடி, ஒரு பை சீமெந்தின் இடம். ஒரு பைக்கு இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி கல். மண்வெட்டிக் கணக்கில் போட்டால் காலையில் போடும் ஒரு வெட்டும் வெயில் ஏறியபின் போடும் ஒரு வெட்டும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் பைக்கு 25 லீற்றர் அளவில் தொடங்கலாம், மணல் ஈரமாக இருந்தால் அதைவிடக் குறைவு. இளக்கமாக இருந்தால் பரப்ப இலகு என்று வாளி வாளியாக ஊற்றினால் பை எண்ணிக்கை சரியாக இருந்தும் வலு இருக்காது.

ஈர மணல் செய்யும் வேலை

இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மணல் ஈரமாக இருக்கும்போது ஒவ்வொரு மணியைச் சுற்றியும் தண்ணீர்ப் படலம் ஒட்டி, மணிகளைத் தள்ளி வைக்கிறது. மணல் ஊதிப் பெருத்து நிற்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு ஈரத்தில் இந்தப் பெருக்கம் 20, 30 வீதம் வரை போகும், நுண்ணிய மணலில் அதற்கு மேலும். விசித்திரம் என்னவென்றால் முழுக்க நனைந்த மணல் மறுபடி காய்ந்த அளவுக்கே இறங்கிவிடும். ஆகவே நாம் 13 கன அடி மணல் என்று எழுதினால், ஆற்றிலிருந்து அள்ளி ஈரத்தோடு வரும் மணலில் அது 16 கன அடிக்கு மேல்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நேரான பக்கமுள்ள தெளிவான போத்தல் ஒன்றில், வந்திறங்கிய மணலை இறுக்காமல் மூன்றில் இரண்டு பங்கு போடுங்கள். மேலே மட்டமாக்கி உயரத்தை அளவுகோலால் பாருங்கள், 15 சென்ரிமீற்றர் என்று வைப்போம். மணலை ஒரு கடதாசியில் கொட்டிவிட்டு, போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விடுங்கள். மணலை மெல்ல மெல்லத் திரும்பப் போட்டு ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். காற்றுக் குமிழி வந்து அடங்கியதும் மறுபடி உயரத்தைப் பாருங்கள். 12 சென்ரிமீற்றரில் நின்றால், 15 ÷ 12 = 1.25. அந்த மணலைக் கணக்கு அளவை விட நாலில் ஒரு பங்கு கூட்டி வாங்க வேண்டும், கலவைப் பெட்டியிலும் அதே அளவு கூட்டிப் போட வேண்டும். அதே போத்தலை ஒரு மணித்தியாலம் அசைக்காமல் வைத்தால் மேலே படியும் சேற்றின் தடிப்பும் தெரியும். சேறு தடிப்பாகப் படிந்தால் அந்த மணலைப் பூச்சுக்கு எடுக்காதீர்கள்.

எழுவான்கரையில், அதாவது வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள பக்கத்தில், மணலுக்குப் பஞ்சமில்லை, வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. நிலம் நிரப்ப அது சரி. கலவைக்கு, அதுவும் கம்பி போகும் கொங்கிறீட்டுக்கு, கடலோர மணல் வேண்டவே வேண்டாம். உப்பு உள்ளே இருந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பெருத்து கொங்கிறீட்டைப் பிளக்கும். கலவைக்கு ஆற்று மணலை மட்டும் வாங்குங்கள்.

சுவரும் பூச்சும்

சீமெந்துக் கல் எத்தனை என்பதற்கு, நீங்கள் வாங்கும் கல்லையே நாடா வைத்து அளந்து, நீளத்துக்கும் உயரத்துக்கும் சாந்துக்காக அரை அரை அங்குலம் கூட்டுங்கள். கல் பதினைந்தரைக்கு ஏழரை என்றால், சாந்தோடு 16 × 8 அங்குலம். 100 சதுர அடிச் சுவருக்கு 113 கல். உடைவதற்குச் சேர்த்து 118. நாலு அங்குலத் தடிப்புக் கல்லில் 1:6 சாந்துக்கு 100 சதுர அடிக்கு அரைப் பை சீமெந்தும் 4 கன அடி மணலும் போகும், கீழே சிந்துவதும் இதில் அடக்கம்.

பூச்சுக்கு, 1:5 கலவையில் அரை அங்குலத் தடிப்பு என்றால்: 100 சதுர அடிக்கு 4.2 கன அடி சாந்து, 1.3ஆல் பெருக்கி 5.4, சுவரின் மேடு பள்ளத்துக்கும் சாந்து இடைவெளிக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 6.5. ஆறு பங்கில் ஒன்று சீமெந்து, அதாவது 0.9 பை. மணல் 5.4 கன அடி. நூறு சதுர அடிக்கு ஒரு பை என்று மேசன்மார் சொல்வது இந்தக் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. சுவர் நேராகக் கட்டப்படாமல் பூச்சில் சரிக்கட்டினால் மட்டும் அந்த வாய்க்கணக்குக் காலை வாரும். சுவரின் மேலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், எவ்வளவு தடிப்பு வரும் என்று தெரிந்துவிடும்.

நமது அறைக்கு உள்பூச்சு: சுற்றளவு 44 அடி, உயரம் 9 அடி, 396 சதுர அடி. கதவு 3 × 7, இரண்டு ஜன்னல் 4 × 4, மொத்தம் 53 கழித்தால் 343. சீமெந்து 3.1 பை, மணல் 18.5 கன அடி. நிலத்துக்கு மேல்பூச்சு 1:3 கலவையில் முக்கால் அங்குலம்: 7.5 × 1.3 ÷ 4 = 2.4 கன அடி சீமெந்து, அதாவது 2 பை. மணல் 7.3 கன அடி.

கூட்டுவதிலும் ஒரு முறை உண்டு

கொங்கிறீட் 5.4, பூச்சு 3.1, நிலப்பூச்சு 2. ஒவ்வொன்றுக்கும் கழிவு கூட்டி, தனித்தனியே மேல் எண்ணுக்கு உயர்த்தினால் 6, 4, 3 என்று 13 பை வரும். அப்படிச் செய்யாதீர்கள். பின்னங்களோடு கூட்டுங்கள்: 10.5. அதில் 5 வீதம் கழிவு சேர்த்தால் 11.03. கடைசியில் ஒரே ஒரு முறை உயர்த்தி 12 என்று எழுதுங்கள். நிலத்தைச் சரியாக மட்டமாக்கியிருந்தால் 11லேயே முடிந்துவிடும், பன்னிரண்டாவது பையைக் கடையிலேயே விட்டுவைத்து, தேவைப்பட்டால் சைக்கிளில் போய் எடுக்கலாம்.

மணல்: 13.2 + 18.5 + 7.3 = 39 கன அடி. ஈரத்துக்கு 1.25ஆல் பெருக்கினால் 49, சிந்திச் சிதறுவதற்குச் சேர்த்து 55. அரைக் கியூபுக்குச் சற்று மேல். கல் 26.4, கழிவோடு 28 கன அடி. கிறவல் ஒன்றேகால் கியூப்.

வாங்கும் ஒழுங்கு இது: கிறவல், கல், மணல் முதலில். சீமெந்து கடைசியில், வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். வாவிக் காற்றிலும் கடற்காற்றிலும் ஈரம் அதிகம், சீமெந்து அந்த ஈரத்தைக் குடிக்கும். மூன்று மாதம் கிடந்த பையில் ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடலாம். நிலத்தில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்கி, படங்கால் மூடுங்கள். கையால் நசுக்கினால் மாவாகாத கட்டி இருக்கும் பையைக் கட்டுவேலைக்குச் சேர்க்காதீர்கள்.

வந்திறங்கியதை அளந்து பாருங்கள்

1 கியூப் என்று சொல்லி ட்ரக்டரில் மணல் வருகிறது. பெட்டியின் உள்ளளவைக் கொட்டுமுன் எடுங்கள். 10 அடி நீளம், ஐந்தரை அடி அகலம், 1¾ அடி உயரத்துக்கு மட்டமாக இருந்தால் 96 கன அடி, நியாயமான அளவு. நீங்கள் வருமுன் கொட்டிவிட்டுப் போய்விட்டார்களா, குவியலையும் அளக்கலாம். ஒரு கயிற்றைக் குவியலின் அடியைச் சுற்றிப் பிடித்து நீளத்தைப் பாருங்கள். உச்சியின் உயரத்தை ஒரு தடியால் குத்திப் பாருங்கள். சுற்றளவு × சுற்றளவு × உயரம் ÷ 38. சுற்றளவு 30 அடி, உயரம் 3¼ அடி என்றால் 900 × 3.25 ÷ 38 = 77 கன அடி. கால் கியூப் குறைகிறது. கூம்பாகக் குவிந்திருந்தால் இது நன்றாகவே பொருந்தும், தட்டையாகப் பரவியிருந்தால் சற்றுக் குறைத்துக் காட்டும். ஆகவே குவியலை வைத்துச் சண்டைக்குப் போகாமல், அடுத்த லோட்டுக்குப் பெட்டியை அளந்து பேசி எடுங்கள். மணலும் கிறவலும் அகழவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி. அனுமதிப் பத்திரம் உள்ளவரிடமே வாங்குங்கள், இல்லையென்றால் உங்கள் மணல் நடுவழியில் நிற்கும்.

நெல் அடுக்கும் அறை

நெல்லுக்கு நம் பெரியவர்கள் விட்டுப்போன புசல் கணக்கே நல்ல திறவுகோல். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 20.9 கிலோ, புசலின் கொள்ளளவு 36.4 லீற்றர். பிரித்தால் லீற்றருக்கு 0.57 கிலோ. ஆக 66 கிலோ மூட்டை பிடிக்கும் இடம் 115 லீற்றர், 4 கன அடிக்குச் சற்று மேல். உங்கள் பை எத்தனை கிலோ என்று ஒன்றை நிறுத்துப் பார்த்து, கிலோவை 16ஆல் பிரித்தால் கன அடி கிடைக்கும். மூட்டைகள் உருண்டையாக இருப்பதால் அடுக்கும்போது இடைவெளி விழும், ஆகவே 4க்குப் பதில் 4½ என்று போடுங்கள்.

இப்போது அதே 12 × 10 அறை. உயரம் 9 அடி என்று முழுவதையும் பெருக்கி 4ஆல் பிரித்தால் 270 மூட்டை வரும். அப்படி அடுக்கினால் போகப் போக நெல் பழுதாகும். சுவரோடு ஒட்டினால் ஈரம் ஏறும், எலி ஒளிந்துகொள்ளும், நடுவில் சூடு பிடித்தால் தெரியாது. நாலு பக்கமும் ஒன்றரை அடி விட்டு, கீழே பலகை போட்டு, 6 அடி உயரத்துக்கு நிறுத்துங்கள். 9 × 7 × 6 = 378 கன அடி, 4½ஆல் பிரித்தால் 84 மூட்டை. அந்த அறையின் உண்மையான கொள்ளளவு இதுதான். 150 மூட்டை விளைந்தவர் பெரும்போக அறுவடைக்கு முன்னரே இதைத் தெரிந்துகொண்டால், மிச்சத்தைக் களத்திலேயே விற்பதா வேறு இடம் பார்ப்பதா என்று ஆறுதலாக முடிவெடுக்கலாம். அறுவடை நாளில் மழை இருட்டும்போது எடுக்கும் முடிவு வியாபாரிக்குத்தான் வாய்ப்பு.

வெள்ளத்துக்கு மணல் பை

மார்கழி மழையில் வாவி ஏறி வரும்போது கணக்குப் பார்க்க நேரம் இருக்காது, இப்போதே போட்டு வையுங்கள். வெறும் உரப் பையில் மூன்றில் ஒரு பங்குதான் மணல் போட வேண்டும், சுமார் 22 லீற்றர். அதுவே 35 கிலோவுக்கு மேல் வரும், ஒருவர் தூக்கிப் போடக்கூடிய உச்ச அளவு அதுதான். நிறைத்துக் கட்டிய பை உருளும், ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே தண்ணீருக்கு வழி விடும். பாதி கூட நிரம்பாத பை தட்டையாகப் படிந்து இடைவெளியை அடைக்கும்.

ஒரு பையை நிரப்பி, வாயை மடித்துக் கீழே வைத்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி அளவெடுங்கள். 20 × 14 × 5 அங்குலம் வந்தால் அது 0.8 கன அடி. அணையின் அடி அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். 1 அடி உயரத்துக்கு 3 அடி அகலம், உச்சியில் ஒரு பை அகலம், சராசரி 2.1 அடி. வீட்டு முன்பக்கம் 20 அடி என்றால் 2.1 × 1 × 20 = 42 கன அடி. 0.8ஆல் பிரித்தால் 53, கிழிவதற்குச் சேர்த்து 60 பை. மணல் அரைக் கியூப் எடுத்து வைத்தால் போதும். உயரத்தை 2 அடியாக்கினால் பை இரண்டு மடங்கோடு நிற்காது: அடிப்பக்க அகலம் 6 அடி, சராசரி 3.6, மொத்தம் 144 கன அடி, 180 பை. இதைப் பார்த்தபின் பலர் முழு முன்பக்கத்தையும் விட்டு, கதவு வாசல்களை மட்டும் அடைப்பதற்கு வருவார்கள், அதுவே சரியான முடிவும் கூட. தண்ணீர் வரும் பக்கம் படங்கை விரித்து, அதன் அடி நுனியை முதல் வரிசைப் பைக்குக் கீழே செருகி, கல்லுக்கட்டுவது போல வரிசை மாற்றி அடுக்குங்கள்.

வெள்ளம் வடிந்தபின் அந்தப் பைகளில் இருக்கும் மணலில் மலசலகூடத் தண்ணீரும் சேர்ந்திருக்கும். கலவைக்கோ பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கோ அதை எடுக்காதீர்கள், வளவில் பள்ளமான மூலையில் கொட்டி மேலே மண் போட்டுவிடுங்கள்.